பதில் போடாமல் இருக்கத் தெரியாதவர்

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாராவது இதை அவருக்கு அனுப்பி வைப்பார்கள். உடனே எனக்கு ஒரு கடிதம் வரும், அதற்கு நான் பதில் போட வேண்டும், அந்தப் பதிலுக்கு ஒரு பதில் வரும். இந்தச் சுழலில் ஒருமுறை மாட்டிக்கொண்டவன் என்பதால் எச்சரிக்கையாக இருக்கிறேன். ஆபீசில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அப்படியே இருக்கட்டும்.

அக்காவுக்குப் பதில் போடாமல் இருக்கத் தெரியாது. தெரியாது என்றால் நீச்சல் தெரியாது, சைக்கிள் தெரியாது என்கிற அர்த்தத்தில் தெரியாது. வங்கியிலிருந்து, ‘இது தானாக அனுப்பப்படும் செய்தி, பதில் அனுப்ப வேண்டாம்’ என்று வரும் அல்லவா? அதற்கும் ‘தகவலுக்கு நன்றி’ என்று எழுதுவார். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“அக்கா, வேணாம்னு அவனே சொல்றான். அப்புறம் ஏன் எழுதறீங்க?”

“வேணாம்னு சொல்றவங்களுக்குத்தான் தம்பி மறுசோறு வைக்கணும். நீங்க பந்தியில உக்காந்ததே இல்லையா?”

அந்தக் கடிதம் போய்ச் சேராது. எங்கள் ஆபீஸ் அஞ்சல் இயந்திரம் ‘இந்த முகவரிக்குச் சேர்க்க முடியவில்லை’ என்று திருப்பி அனுப்பும். அக்கா அந்த இயந்திரத்துக்கும் பதில் எழுதுவார். ‘சிரமத்துக்கு மன்னிக்கவும். தாங்கள் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.’ ஆங்கிலத்தில்தான் எழுதுவார். ஆனால் எந்தக் கடிதமும் அந்தச் சாப்பாட்டு வரி இல்லாமல் முடியாது.

அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். அதன் பெயருக்கு எழுதுவதெல்லாம் என் பெட்டியில்தான் விழும். வாரத்துக்கு மூன்று நான்கு தடவை அக்கா என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார், அது நான்தான் என்று தெரியாமல். நான் ஒருதடவைகூடப் பதில் போட்டதில்லை. கடிதம் வந்தால் படிப்பேன், மூடிவிடுவேன். சொந்த அத்தை கடிதத்துக்கே அப்படித்தான்.

எங்கள் ஆபீஸ் தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. நெல் காயவைக்கும் டிரையர் மெஷின்களுக்கு மூளைப்பெட்டி செய்யும் கம்பெனியின் கிளை. தலைமை ஆபீஸ் சென்னையில். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது அக்கா. மற்றவர்கள் விற்பது, மாட்டுவது, திட்டு வாங்குவது. நான் பிரிண்டர், நெட்வொர்க், மெயில். அக்கா சீர்காழிப் பக்கம், லுத்தரன் குடும்பம். கோயிலில் வேதம் வாசிக்கும் குரலிலேயே ‘கோப்பு இணைக்கப்பட்டுள்ளது’ என்று சொல்லக்கூடியவர்.

ஐப்பசி மழையில் குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது மன்னார்குடியிலிருந்து மில்காரர் பாய் நேரில் வந்துவிட்டார். வேட்டியில் முழங்கால் வரை சேறு.

“என்னம்மா, உங்க மெஷினு மூணு நாளைக்கு ஒருதடவை படுத்துக்குது. எழுப்பினா ஓடுது. எவனும் பாக்கலன்னா ஈர நெல்லு உள்ளயே கெடந்து முளைச்சிப்போவுது. நான் என்ன நாத்தங்காலா வச்சிருக்கேன்?”

அக்கா அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்து, அதற்கப்புறம்தான் மெஷின் பற்றிக் கேட்டார். நாலு நாளில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தும் விட்டார். பெட்டிக்குள் நேரத்தை எண்ணிக்கொண்டே போகும் ஒரு எண் இருக்கிறது. மூன்று நாளும் சொச்சமும் ஆனால் அது நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். மெஷின், காலமே பின்னால் போய்விட்டது என்று மிரண்டு நின்றுவிடும். சரிசெய்ய நாலே வரி போதும். நாலு வரியையும் அன்று மாலைக்குள் எழுதி முடித்தார்.

ஆனால் கோளாறு இருந்தது எங்கள் கம்பெனி எழுதிய பகுதியில் இல்லை. உலகத்தின் பல மூலைகளில் பலர் சம்பளமில்லாமல் கூடி எழுதிய ஒரு இலவச மென்பொருளில். அதை எல்லாக் கம்பெனிகளும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், நாங்களும்தான். முன்பு ஒருமுறை யாரோ சொந்தமாகத் திருத்தி ஏற்றி, அது அடுத்த புதுப்பதிப்பில் அழிந்துபோய் ரகளையானதால், தலைமை ஆபீஸ் ஒரு சட்டம் போட்டிருந்தது. அந்தக் கூட்டம் ஏற்றுக்கொண்ட திருத்தம்தான் மெஷினில் ஏறலாம். கூட்டம் என்றால் ஒரு மெயில் குழு. திருத்தத்தை அங்கே அனுப்ப வேண்டும், ஆயிரக்கணக்கானவர்கள் படிப்பார்கள், கடைசியில் ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும். அதுவும் கம்பெனி மெயிலில்தான் அனுப்ப வேண்டும், ஆபீசில் சொந்த மெயில் திறக்காது.

தையில் சம்பா அறுவடை வந்துவிடும். டெல்டா முழுக்க எங்கள் மெஷின்கள் நெல்லோடு நிற்கும். “அதுக்குள்ள ஏத்திக் குடுத்துடறேன் பாய், நான் பொறுப்பு” என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். நாலு வரிதானே என்று நினைத்திருப்பார்.

அக்கா குழுவில் சேர்ந்து முதல் கடிதம் போட்டார். வணக்கம், நான் இன்னார், தஞ்சாவூர், எல்லோரும் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் ஆபீஸ் மெயில் தன் பங்குக்கு மேலே ஒரு வண்ணச் சின்னம் ஒட்டியது. நாலு வரியை ஏழாக மடித்தது. ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கித் திருத்தியது. கடைசியில், எங்கள் ஆபீசிலிருந்து வெளியே போகும் எல்லாக் கடிதத்துக்கும் சென்னையில் ஒட்டப்படும் பன்னிரண்டு வரி எச்சரிக்கை: இது பரம ரகசியம், உங்களுக்கானது இல்லையென்றால் உடனே அழித்துவிடுங்கள், யாரிடமும் காட்டாதீர்கள். ஆயிரம் பேர் கூடியிருக்கும் சந்தையில் மைக் பிடித்து இதைச் சொன்ன மாதிரி இருந்தது.

குழுவில் ஒரு குறும்புக்காரர், ‘தங்கள் உத்தரவுப்படி அழித்துவிட்டேன்’ என்று எழுதினார். அக்கா பதறிப்போய் அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதன் அடியிலும் அந்தப் பன்னிரண்டு வரி போனது.

சரி என்று சொல்லும் அதிகாரம் படைத்தவர் ஏதோ ஒரு பனிநாட்டுக்காரர். அவர் தலையசைக்காமல் ஒரு வரி நகராது என்பதால் ஆபீசில் அவருக்கு மணியக்காரர் என்று பெயர் வைத்துவிட்டோம். மணியக்காரர் பதில் இவ்வளவுதான்: ‘அலங்காரம் வேண்டாம். வெறும் எழுத்தாக அனுப்பு. ரகசியம் என்று எழுதியதை எங்களால் பொதுவில் ஏற்க முடியாது. அதை எடு.’

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்தார்.

“பாவம் தம்பி. இவருக்கு எங்கயோ வலி இருக்கு. இல்லன்னா மனுஷன் இப்படி எழுதமாட்டாரு.”

அப்படியே அவரிடம் கேட்டும் எழுதிவிட்டார். அன்று சாயங்காலம் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது: ‘முதுகு.’ அதற்கப்புறம் இரண்டு நாள் அந்தக் குழுவில் மென்பொருள் பேச்சே இல்லை. எந்த நாற்காலி நல்லது, எப்படி உட்கார வேண்டும் என்று உலகமே விவாதித்தது.

அலங்காரத்தையும் வரி மடிப்பதையும் நான் நிறுத்திக் கொடுத்தேன். பன்னிரண்டு வரி என் கையில் இல்லை. அது சென்னையில், சட்டப் பிரிவில் இருந்தது. புகார் பதிவு செய்தேன். எண் கொடுத்தார்கள். பத்து நாளில் அந்த எண்ணை மூடிவிட்டு வேறு எண் கொடுத்தார்கள். இப்படியே கார்த்திகை போனது.

இதற்கிடையில் குழுவிலிருந்து ஒருநாளைக்கு முந்நூறு கடிதம். யாரோ யாருக்கோ எழுதுவது எல்லோருக்கும் வரும், அதுதான் அங்கே முறை. அக்கா அத்தனைக்கும் பதில் போட ஆரம்பித்தார்.

“அக்கா, இது உங்களுக்கு எழுதினது இல்ல. சும்மா பாத்துட்டு விட்டுடணும்.”

“எப்படி விடறது? கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிறோம், முந்நூறு பேர் உள்ள வராங்க. ஒருத்தரை வாங்கன்னு கேக்காம விட்டாலும் அந்த ஒருத்தர் சாப்பிடாமலே போயிடுவாரு. பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. எங்க பெரியப்பா வீட்டுல நடந்திருக்கு.”

அந்தக் குழுவில் வெறும் நன்றி எழுதுவதே குப்பை போடுவதற்குச் சமம். மணியக்காரர் அதையும் எழுதிவிட்டார்: ‘நன்றிக் கடிதம் அனுப்பாதே. இடைஞ்சல்.’ அக்கா அதற்கு நன்றி எழுதினார்.

மார்கழியில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அக்கா இல்லாமல் அந்த வீட்டில் இலை போடமாட்டார்கள். மூன்று நாள் லீவு. லீவில் வரும் கடிதங்கள் பதிலில்லாமல் கிடக்குமே என்ற கவலை அவருக்கு.

“தானா ஒரு பதில் போற மாதிரி வச்சுடுங்க தம்பி. யாரும் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது.”

வைத்தேன். ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு டிக் போட வேண்டும். நான் அப்போது பிரிண்டரில் மாட்டிய காகிதத்தை ஒரு கையால் இழுத்துக்கொண்டிருந்தேன். டிக் போடவில்லை.

குழுவிலிருந்து கடிதம் வந்தது. அக்காவின் பெட்டி குழுவுக்கே பதில் சொன்னது: ‘பக்கத்து வீட்டார் அறுபதாம் கல்யாணத்துக்காகத் திருக்கடையூர் சென்றுள்ளேன். திங்கள் வருவேன். நேரத்துக்குச் சாப்பிடவும்.’ அது குழுவில் எல்லோருக்கும் போனது, எல்லோரிலும் அக்காவும் உண்டு. வந்த கடிதத்துக்கு அக்காவின் பெட்டி மறுபடி பதில் சொன்னது. அதுவும் குழுவுக்குப் போனது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் உலகம் முழுக்க இருநூறு தடவைக்குமேல் திருக்கடையூர் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். அதற்குள் அக்காவைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கல்யாண வீட்டு அதிரசப் பொட்டலத்தோடு வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்ததும் முகம் சின்னதாகிவிட்டது.

“நான்தான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன் போல. பாய்க்கு என்ன பதில் சொல்லுவேன்?” என்றார். தைக்குப் பதினைந்து நாள்கூட இல்லை.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதிரசத்தை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போய்விட்டேன். பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை. பதில் போடாதவன் என்று ஊருக்குள் பெருமை பேசிக்கொண்ட எனக்கு, அந்த நேரத்தில் அது பெருமையாக இல்லை.

அக்கா அழவில்லை, கோபப்படவில்லை. குழுவுக்கு எழுத முடியாது அல்லவா? அதனால் அங்கே அதுவரை எழுதியிருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஒரே கடிதத்தை நகல் எடுத்து அனுப்பலாம் என்று சொன்னேன். பத்திரிகை வைக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு போகவேண்டும், தெருமுனையில் நின்று கத்தக் கூடாது என்றார். மூன்று நாள் எழுதினார். பதில்கள் வந்தன. மணமக்களுக்கு வாழ்த்து என்று முப்பது நாற்பது பேர். கல்யாணமானவர்கள் ஏன் மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்று பலர். கல்யாணச் சாப்பாட்டில் என்னென்ன என்று ஒருவர். அக்கா அவருக்கு இலையில் எது எந்த மூலையில் வரும் என்று படம் போட்டு அனுப்பினார்.

மணியக்காரரும் எழுதியிருந்தார். ‘முதுகு பரவாயில்லை. குழுவில் மறுபடி சேர்த்துவிட்டேன். திருத்தத்தைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ரகசிய வரி இல்லாமல் அனுப்பு, ஏற்கிறேன்.’

மறுபடி அந்தப் பன்னிரண்டு வரி. என் புகாருக்கு அப்போது நாலாவது எண் ஓடிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு முன் எதுவும் நடக்காது என்று சென்னையில் கையை விரித்துவிட்டார்கள்.

“அந்த வரியை யாரு எழுதினது?” என்றார் அக்கா.

“சட்டப் பிரிவு ஆபீசர் ஒருத்தரு. நம்ம எல்லாருக்கும் சர்க்குலர் போடுவாரே, அவருதான். அவரைப் புடிக்க முடியாதுக்கா, யாருகிட்டயும் பேசமாட்டாரு.”

“அட, அவரா? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

போனை எடுத்தார். வண்டி நிறுத்தும் இடம், அடையாள அட்டை, லீவு விதி என்று மாதம் பத்து சர்க்குலர் அனுப்புவார் அந்த ஆபீசர். நானெல்லாம் திறக்காமலே அழித்துவிடுவேன். கம்பெனியில் அத்தனை பேரும் அப்படித்தான். அக்கா ஆறு வருடமாக ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டிருக்கிறார். படித்தேன், தெளிவாக இருந்தது, தாங்கள் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஸ்பீக்கரில் அந்த மனுஷன் குரல் கேட்டது. “அம்மா, நீங்களா! சொல்லுங்கம்மா. என் சர்க்குலரைப் படிக்கிற ஒரே ஆள் நீங்கதாம்மா. என் வீட்டம்மாகிட்டகூடக் காட்டியிருக்கேன் உங்க லெட்டரை.”

அக்கா விஷயத்தைச் சொன்னார். மன்னார்குடி, ஈர நெல், தை மாதம், பாய்க்குக் கொடுத்த வாக்கு, எல்லாம்.

“அந்தப் பன்னெண்டு வரியா? அதையும் யாரும் படிக்கிறதில்லைன்னு நெனச்சேன்” என்றார் அவர், கொஞ்சம் சந்தோஷமாகவே. கால் மணி நேரத்தில் அக்காவின் முகவரிக்கு மட்டும் அது எடுக்கப்பட்டது. என் நாலாவது புகார் எண் இன்னும் எங்கேயோ திறந்துதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அக்கா திருத்தத்தை அனுப்பினார். சின்னம் இல்லை, வண்ணம் இல்லை, ரகசியம் இல்லை. மறுநாள் காலையில் மணியக்காரர் ஒரே சொல் எழுதியிருந்தார்: ‘ஏற்கப்பட்டது.’ திருத்தத்துக்குக் கீழே உதவியவர் பெயர் போடுவது அங்கே வழக்கம். எல்லோரும் ஒன்றோ இரண்டோ போடுவார்கள். அக்கா பதினேழு பேர் போட்டிருந்தார். பாய், சட்ட ஆபீசர், நாற்காலி யோசனை சொன்னவர்கள், அறுபதாம் கல்யாணத் தம்பதி. நாலு வரித் திருத்தம், பதினேழு வரி நன்றி. மணியக்காரர் அதில் ஒன்றைக்கூட வெட்டவில்லை.

பதினேழாவது என் பெயர்.

அதைப் பார்த்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை. அக்காவிடம் போய், “அந்த டிக் போடாதது நான்தான்க்கா” என்றேன். மண்டையில் குட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

“அது அன்னிக்கே தெரியும் தம்பி.”

“எப்படி?”

“அதிரசத்தைப் பாதி தின்னுட்டு டிராயர்ல வச்சீங்க. நீங்க எதையும் மிச்சம் வைக்கிற ஆளா?”

தையில் அக்காவும் நானும் மன்னார்குடி போனோம். நாலாவது நாள் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பாய் உள்ளே கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார். டொக் என்று உடைந்தது. “இப்பதாம்மா இது மெஷினு” என்றார். அக்கா அந்த நிமிடமே போனும் கையுமாக உட்கார்ந்து பதினேழு பேருக்கும் தகவல் எழுதினார். எனக்கும் ஒன்று வந்தது, பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு.

அடுத்த வருடம் அக்கா வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்க ஓசூர் போய்விட்டார். போன ஆளின் முகவரியை மூடுவது என் வேலை. மூடினேன். இனி அந்த முகவரிக்கு வருவதை எங்கள் இயந்திரம் ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும். அந்த வாக்கியத்தை அக்கா பெயருக்கு நேராக வைத்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது. வேறு வாக்கியம் வைக்க அனுமதி இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் என் பெட்டியில், இயந்திரத்தின் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஒரு கணம் அக்காவே எழுதிவிட்டார் என்று நினைத்தேன். மணியக்காரர். அக்காவுக்கு ஏதோ எழுதியிருக்கிறார், இயந்திரம் திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த இயந்திரத்துக்கு அவர் பதில் எழுதியிருந்தார்.

‘தகவலுக்கு நன்றி. அவர் நலம்தானே? நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.’

நன்றிக் கடிதம் இடைஞ்சல் என்று சொன்ன மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மூடிவிடலாம் என்று வழக்கம்போல் கை போனது. போன கையைத் திருப்பி, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இயந்திரத்தின் பெயரில் பதில் எழுத உட்கார்ந்தேன். அக்கா நலம், புது முகவரி கீழே இருக்கிறது, கட்டாயம் எழுதுங்கள், பதில் வரும் என்று எழுதினேன். அப்புறம், இத்தனை வருடம் கேட்டும் அக்காவுக்கு நான் சொல்லாததை அவருக்குச் சொன்னேன்.

‘சாப்பிட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா?’